கணைய ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம்: எண்ணெய் மிதக்கும் மலம், இறங்கிக்கொண்டே போகும் எடை

காசிமேடு_மகன் | மே 9, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நைனாவுக்கு 58 வயது. காசிமேட்டில் மீன் ஏலம் போகும் இடத்தில் முப்பது வருடமாக வேலை. டிசம்பர் கடைசியில் கண் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் டிகாஷன் நிறம், மலம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. காமாலை என்று ஐந்து வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், கயிறு மந்திரித்துக் கட்டினோம். கடைசியில் ஸ்கேன் எடுத்தால், பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் கட்டி. எண்டோஸ்கோப்பி வழியாக முதலில் ஸ்டென்ட் வைத்தார்கள். மார்ச் 22-ம் தேதி விப்பிள் என்கிற கணைய ஆபரேஷன், ஏழு மணி நேரம்.

அப்புறம் வயிறு இயங்கவே இல்லை. குடித்த தண்ணீர்கூடத் திரும்பி வந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற ரைல்ஸ் டியூபோடு பதினாறு நாள் கிடந்தார். மொத்தம் 24 நாள் வார்டில் இருந்துவிட்டு, மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்த அன்று வீட்டுக்கு வந்தார். கட்டி முழுசாக வந்துவிட்டது, ஓரங்கள் சுத்தம் என்று பயாப்ஸியில் இருக்கிறது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

இப்போது பிரச்சினை வேறு. ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தடவை மோஷன் போகிறார். தண்ணி மாதிரி இல்லை. களிமண் நிறத்தில், பிசுபிசு என்று, மேலே எண்ணெய்ப் படலம். மிதக்கிறது. நாங்கள் இருப்பது ஹவுசிங் போர்டு, மாடிக்கு ஒரு கக்கூஸ், நாலு குடித்தனம். ஒரு தடவைக்கு நாலு பக்கெட் ஊற்றினாலும் போக மாட்டேன் என்கிறது. தண்ணீர் வருவதே ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவர் கூச்சப்பட்டுச் சாப்பாட்டையே குறைத்துவிட்டார்.

காமாலைக்கு முன் 68 கிலோ. டிஸ்சார்ஜ் அன்று 56. இன்று 52. எண்ணெய் சேர்க்காமல் இட்லி, ரசம் சாதம், அரிசிக் கஞ்சி மட்டும்தான் கொடுக்கிறோம். சுகர் புதிதாக வந்திருக்கிறது, இன்சுலின் போடுகிறோம். செரிமானத்துக்கு ஒரு கேப்ஸ்யூல் மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கிறோம். கட்டி திரும்ப வந்துவிட்டதோ என்று அம்மா அழுகிறாள். இந்த ஆபரேஷன் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

டோல்கேட்_அக்கா | மே 10, காலை 6.05

தம்பி, முதலில் அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். என் வீட்டுக்காரருக்கு இதே ஆபரேஷன் முடிந்து நாலு வருடம் ஆகிறது. நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எங்கள் வீட்டு மூன்றாவது மாதம் அப்படியே கண் முன்னால் வந்தது. மிதப்பது, பிசுபிசுப்பு, அந்தத் தனி நாற்றம் எல்லாம். அது செரிக்காத கொழுப்பு. கட்டி திரும்ப வந்ததற்கான அடையாளம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. கேப்ஸ்யூல் அட்டையில் எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறது? பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை எழுதியிருக்கிறார்கள்? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூலிகை_நேசன் | மே 10, காலை 7.30

இதெல்லாம் கெமிக்கல் மாத்திரையின் பக்கவிளைவு. எண்ணெயை அறவே நிறுத்துங்கள். பப்பாளியில் இயற்கையான என்சைம் இருக்கிறது, தினமும் வெறும் வயிற்றில் கொடுங்கள். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர். ஒரு மண்டலத்தில் சரியாகிவிடும்.

காசிமேடு_மகன் | மே 10, காலை 9.15

அக்கா, பார்த்தேன். சம்மரியில் 25,000 யூனிட் என்று இருக்கிறது. கையில் இருக்கும் அட்டையில் 10,000. மெடிக்கல் ஷாப்பில் அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதே மருந்துதான் என்று கொடுத்தார்கள். கவரில் 1-1-1 என்று எழுதி, சாப்பாட்டுக்குப் பின் என்று அவர்களே டிக் போட்டிருக்கிறார்கள். சம்மரியில் 'உணவுடன்' என்றுதான் இருக்கிறது. நான் கவரை மட்டும் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வார்டு_நர்ஸ்_ஓய்வு | மே 10, மதியம் 2.20

நான் அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இப்போது திருவொற்றியூரில் இருக்கிறேன். டாக்டர் இல்லை. மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் என்ன நடக்கிறது என்று சொல்லலாம்.

விப்பிள் என்பது ஒரு உறுப்பை எடுக்கிற ஆபரேஷன் இல்லை. கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி, சிலருக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியும் சேர்த்து எடுத்துவிட்டு, மீதியைச் சிறுகுடலோடு மூன்று இடத்தில் தைக்கிறார்கள். கணையத்துக்கு ஒன்று, பித்தநாளத்துக்கு ஒன்று, இரைப்பைக்கு ஒன்று. பெர்லினில் கௌஷ் என்பவர் 1909-ல் செய்து, 1912-ல் அதைப் பற்றி எழுதினார். 1935-ல் நியூயார்க்கில் விப்பிள் எழுதிய பிறகுதான் பரவியது. முதலில் இரண்டு தவணையாகச் செய்தார்கள், பிறகுதான் ஒரே தடவையில். நான் சேர்ந்த புதிதில் இந்த கேஸ் போட்டால் வார்டே பேச்சடங்கிப் போகும்.

அப்பாவுக்கு வயிறு இயங்காமல் பதினாறு நாள் ரைல்ஸ் டியூப் இருந்ததே, அது இந்த ஆபரேஷனில் அடிக்கடி வருவது. தையல் சரியாகவே இருக்கும், வழியும் திறந்தே இருக்கும், இரைப்பை மட்டும் தள்ளாது. பொறுமைதான் மருந்து. அது முடிந்த கதை.

இப்போது நடப்பது அடுத்த கதை. கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்ற என்சைமைக் கணையம்தான் பெரும்பாலும் சுரக்கிறது. பாதிக் கணையம் போய்விட்டது. மிச்சம் சுரப்பதும் சோற்றோடு சரியான நேரத்தில் கலப்பதில்லை. ஏனென்றால், சாப்பாடு வருகிறது என்று கணையத்துக்குச் சேதி சொல்கிற முன்சிறுகுடலே இப்போது இல்லை. அதனால் அந்த என்சைம் இருக்கிற கேப்ஸ்யூல் சோற்றோடு சேர்ந்தே உள்ளே போக வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுப் போட்டால், சோறு முன்னால் போய்விடும், மருந்து பின்னால் ஓடும்.

முதல் வாய்ச் சோற்றோடு ஒன்று. இரண்டு மூன்று போடச் சொல்லியிருந்தால் மீதியை நடுவில். மெல்லக் கூடாது, கொதிக்கிற ரசத்தோடு விழுங்கக் கூடாது, சாதாரணத் தண்ணீர் போதும். காலையில் அமிலத்தைக் குறைக்க பாண்டோப்ரசோல் மாதிரி ஏதாவது எழுதியிருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். அமிலம் அதிகமாக இருந்தால் கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் குருணை சரியான இடத்தில் கரையாது.

மூலிகை_நேசன் அவர்களுக்கு: பப்பாளியில் இருப்பது புரதத்தை உடைக்கிற என்சைம். இங்கே மிதப்பது கொழுப்பு. ஏற்கெனவே ஐந்து வாரம் கீழாநெல்லியில் போயிருக்கிறது. அரிப்பும் வெளுத்த மலமும் சேர்ந்து வருகிற காமாலை அடைப்புக் காமாலை. அதற்கு முதல் வேலை ஸ்கேன். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன், தம்பியைக் குத்திக் காட்ட இல்லை.

வியாசை_தோழன் | மே 10, இரவு 9.50

நர்ஸம்மா சொன்னதை எங்கள் ஏரியா பாஷையில் சொன்னால், அந்தப் பதினாறு நாள் பேசின் பிரிட்ஜில் நின்ற வண்டி. சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும், தண்டவாளம் காலி, சிக்னல் மட்டும் விழாது. இறங்கி நடந்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்.

எனக்கு வேறு ஆபரேஷன். குடித்துக் குடித்துக் கணையம் கல்லாகிப் போய், குழாயைத் திறந்து கல்லை எடுத்து, குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். வலி போனது. செரிமானம் திரும்ப வரவில்லை. ஆறு வருடமாக கேப்ஸ்யூல்தான். காசிமேட்டு சகோ, 10,000 ஒன்று என்பது எனக்கு ஒரு பொறையும் டீயும்தான் தாங்கும். சோற்றுக்கு அது எப்படிக் காணும்?

இன்னொன்று, வெயில். போன வருடம் மே மாதம் ஒரு மாதத்துக்கான மாத்திரையை வண்டி டிக்கியில் வைத்துக்கொண்டு சுற்றினேன். பத்து நாளில் பழைய நிலைமை, கக்கூஸே கதி. டாக்டர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். கேப்ஸ்யூல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. என்சைம் என்பது புரதம், சூட்டில் வீணாகிவிடும் என்றார். இப்போது வேலைக்குப் போகும்போது நாலு மட்டும் சின்ன டப்பாவில். மீதி வீட்டில் பானைக்குப் பக்கத்து அலமாரியில்.

பெரம்பூர்_உணவியல் | மே 11, காலை 10.30

உணவியல் படித்து மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

கேப்ஸ்யூல் அளவைப் பற்றி: பிரிட்டன் வழிகாட்டியில் பெரியவர்களுக்குத் தொடக்க அளவே முழுச் சாப்பாட்டுக்கு 50,000 யூனிட், இடைத்தீனிக்கு 25,000. உங்கள் அப்பா நாள் முழுக்கச் சேர்த்து 30,000தான் சாப்பிட்டிருக்கிறார், அதுவும் தப்பான நேரத்தில். ஓபிக்குப் போகும்போது அந்த 10,000 அட்டையையும் கவரையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். வாயால் சொன்னால் 'கேப்ஸ்யூல் சாப்பிடுகிறாரா, சரி' என்று போய்விடும்.

அடுத்தது பத்தியம். இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. நம் ஊரில் வயிற்று ஆபரேஷன் என்றாலே எண்ணெய் ஆகாது, முட்டை ஆகாது, மீன் சூடு, பால் சளி. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றைத் தடை செய்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது கஞ்சியும் ரசமும். 52 கிலோ ஆள் தேறி வர ஒரு நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் கணக்குப் போடவே ஒன்றுமில்லை.

கொழுப்பைக் குறைத்தால் எண்ணெய் மிதப்பது குறையும், அது உண்மை. கூடவே ஆளும் குறைந்துவிடுவார். கொழுப்பைக் குறைக்காதீர்கள், கொழுப்புக்கு ஏற்ற என்சைமைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பஜ்ஜி, வடை என்று உடனே இறங்கச் சொல்லவில்லை. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், பருப்புக்கு ஒரு ஸ்பூன் நெய், முட்டை, மீன் குழம்பு, தயிர். வயிறு கொள்ளாது, அதனால் ஆறு தடவையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக. கீரை, முழுப்பயறு எல்லாம் இப்போதைக்குக் கொஞ்சமாக இருக்கட்டும், வயிற்றை அடைத்துக்கொண்டு மற்றதைச் சாப்பிட விடாது. பால் குடித்தாலும் கேப்ஸ்யூல் வேண்டும், டீ பன்னுக்கும் வேண்டும். கடுங்காப்பிக்கும் வெறும் பழத்துக்கும் வேண்டாம்.

மண்ணடி_வாசகன் | மே 11, இரவு 8.15

எங்கள் உம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு விப்பிள். இங்கே ஒரு விஷயம் யாரும் எழுதவில்லை. இந்த கேப்ஸ்யூல் பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. அட்டையில் அப்படிப் பச்சையாகப் போட்டிருக்காது, உம்மாவுக்கும் முதலில் தெரியாது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, படித்த அன்றே நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் சொல்லவும் இல்லை. ஒரு மாதத்தில் வளையல் கையில் நிற்கவில்லை.

வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டோம். இதற்கு மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேட்டு வாருங்கள், மாற்று இல்லையென்றால் உயிரைக் காப்பது கடமை என்றார். டாக்டரிடம் கேட்டோம். பூஞ்சையிலிருந்து எடுத்த என்சைம் சிரப்புகள் கடையில் உண்டு, ஆனால் அதில் பெரும்பாலும் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைப்பதுதான் இருக்கிறது, உங்களுக்கு அது போதாது என்றார். அதையும் இமாமிடம் போய்ச் சொன்னோம். அவர் உம்மாவிடம் போனில் அவரே பேசினார். அதன் பிறகுதான் திரும்ப எடுத்தார்கள். சைவக் குடும்பங்களிலும் இந்தச் சங்கடம் வரும். மறைத்துக் கொடுப்பதைவிடச் சொல்லிவிட்டுக் கொடுப்பது நல்லது, எங்கள் அனுபவம்.

மூலிகை_நேசன் | மே 11, இரவு 8.40

பார்த்தீர்களா, பன்றி மருந்து. நான் சொன்னேன்.

வியாசை_தோழன் | மே 11, இரவு 8.52

தலைவரே, நீங்கள் சொன்னது பப்பாளி.

காசிமேடு_மகன் | மே 16, இரவு 10.30

ஓபிக்குப் போய் வந்தோம். பெரம்பூர் மேடம் சொன்னபடி அட்டை, கவர் எல்லாம் எடுத்துப் போனேன். டாக்டர் கவரை வாங்கி இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தார். சாப்பாட்டுக்கு 25,000 இரண்டு, டீ, பால், பன்னுக்கு ஒன்று, எல்லாமே சாப்பாட்டோடு என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். மலத்தில் எலாஸ்டேஸ் என்று ஒரு டெஸ்ட் உண்டாம். 200-க்குக் கீழே இருந்தால் கணையம் சரியாகச் சுரக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் அப்பாவுக்கு அது தேவையே இல்லை, பார்த்தாலே தெரிகிறது, காசை மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இன்றோடு மூன்று நாள். மோஷன் ஆறிலிருந்து மூன்று. ஒரு தடவைக்கு இரண்டு பக்கெட். இரண்டு பக்கெட்டுக்குச் சந்தோஷப்படுகிற வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

ஆனால் புதுப் பயம். சுகர் 180-ல் இருந்தது, இப்போது 260. மாத்திரையால் சுகர் ஏறுமா?

வார்டு_நர்ஸ்_ஓய்வு | மே 17, காலை 5.50

மாத்திரையில் சுகர் இல்லை தம்பி. இதுவரை சாப்பிட்டதில் பாதி உடம்பில் சேரவே இல்லை. இப்போது சேர ஆரம்பித்துவிட்டது, அதனால் சுகர் ஏறுகிறது. ஒரு வகையில் நல்ல சேதிதான். ஆனால் சும்மா இருக்காதீர்கள், இன்சுலின் அளவை மாற்றச் சொல்லி இன்றே கேளுங்கள். நீங்களாக ஏற்றாதீர்கள்.

ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது வழக்கமான சுகர் இல்லை. கணையத்திலிருந்து இன்சுலின் மட்டும் குறையவில்லை, சுகர் இறங்கும்போது தூக்கிவிடுகிற குளுக்ககானும் குறைந்திருக்கிறது. இறங்க ஆரம்பித்தால் விறுவிறு என்று இறங்கும். இரவு படுக்கும்போது தலைமாட்டில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். விடியற்காலை வேர்த்துக் கொட்டி உளறினால் யோசிக்காமல் முதலில் அதைக் கொடுத்துவிட்டு, பிறகு டெஸ்ட் பண்ணுங்கள். மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-க்கு போன் போடுங்கள்.

டோல்கேட்_அக்கா | மே 17, காலை 11.00

இனிப்பு என்றதும் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் தேறி வந்த சமயம், டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் வெயிலுக்கு ஒரு கரும்பு ஜூஸ் குடித்தார். பெரிய டம்ளர், ஐஸ் போட்டு, மடமடவென்று. பஸ் ஏறிக் கால் மணி நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது. நெஞ்சு படபடப்பு, சட்டை தொப்பலாக நனைந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஹார்ட் அட்டாக் என்றுதான் கண்டக்டர் நினைத்தார். நானும்தான். டாக்டரிடம் கேட்டால், இரைப்பை நிறுத்தி நிறுத்தி அனுப்புகிற வேலையை இப்போது ஒழுங்காகச் செய்வதில்லை, சர்க்கரைத் தண்ணீர் மொத்தமாகக் குடலில் கொட்டிவிட்டது, டம்பிங் என்று பெயர் என்றார். அதிலிருந்து ஜூஸ், ரோஸ் மில்க், சத்து பவுடரில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை எல்லாம் நிறுத்தம். சாப்பிடும்போது தண்ணீர் குறைவாக, அரை மணி நேரம் கழித்து மீதி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது விளையாட்டு இல்லை. இரண்டாவது வருடம் ஒரு நாள் சாயங்காலம் திடீரென்று குளிர் ஜுரம். மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிடுகிடுத்தது. நம் பக்கத்தில் குளிர் ஜுரம் என்றால் மலேரியாதானே முதலில் தோன்றும்? பக்கத்து கிளினிக்கில் இரத்தம் எடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்திருந்து இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் கண் மஞ்சள். பித்தநாளத்தைக் குடலோடு தைத்த இடம் சுருங்கி, உள்ளே கிருமி சேர்ந்துவிட்டது. ஒரு வாரம் ஊசி மருந்து. கிளினிக் டாக்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆபரேஷன் நடந்ததை நான்தான் முதலில் சொல்லவில்லை. இப்போது டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் ஒன்று எப்போதும் என் பர்ஸில் இருக்கிறது.

வார்டு_நர்ஸ்_ஓய்வு | மே 17, மதியம் 12.10

அக்கா சொன்னது தங்கம். விப்பிள் ஆனவர்களுக்குக் குளிர் ஜுரம் வந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரி, மறுநாள் காலை என்று தள்ளக் கூடாது. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலும் அப்படித்தான், தைத்த இடத்தில் புண் வந்து இரத்தம் கசியலாம். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், ஆனால் அதை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம்.

காசிமேடு_மகன் | ஜூன் 3, இரவு 9.20

இன்சுலினை மாற்றிக் கொடுத்தார்கள், சுகர் அடங்கியது. எடை 53.5. ஆனால் பத்து நாளாக வயிறு பலூன் மாதிரி உப்புசம், கடமுடா சத்தம், வாயு. கேப்ஸ்யூல் ஒழுங்காகத்தான் போடுகிறோம், நானே எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன். மோஷனில் எண்ணெய் இல்லை, ஆனால் மறுபடி தண்ணியாக நாலு தடவை.

மண்ணடி_வாசகன் | ஜூன் 3, இரவு 10.05

உம்மாவுக்கும் இப்படி வந்தது. கேப்ஸ்யூலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. குடலை மாற்றித் தைத்ததால் சிறுகுடலில் இருக்கக் கூடாத அளவுக்குக் கிருமிகள் பெருகிவிடுமாம். ரிஃபாக்ஸிமின் என்று ஒரு மாத்திரையை இரண்டு வாரம் கொடுத்தார்கள், பலூன் இறங்கியது. எல்லா உப்புசமும் அதுதான் என்று இல்லை, டாக்டரிடம் இப்படி இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

பெரம்பூர்_உணவியல் | ஜூன் 4, காலை 9.40

போகும்போது விட்டமின் டி, பி12, இரும்பு அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பு இத்தனை வாரம் வெளியே போனபோது அதில் கரைகிற ஏ, டி, ஈ, கே நாலும் கூடவே போயிருக்கும். இரும்பை அதிகம் உறிஞ்சுகிற முன்சிறுகுடல் இவருக்கு இல்லை. மாலையில் கண் மங்குகிறது என்றாரா? இடித்துக்கொள்ளாமலே கையில் நீலம் பாரிக்கிறதா?

காசிமேடு_மகன் | ஜூன் 4, இரவு 11.15

கண் சரியாக இருக்கிறது. முழங்கைக்குக் கீழே நீலம் இருக்கிறது, இன்சுலின் ஊசியால் என்று நினைத்தோம். ஆனால் ஊசியை வயிற்றில்தானே போடுகிறோம்! சொல்லிவிடுகிறேன் மேடம்.

வியாசை_தோழன் | ஜூன் 4, இரவு 11.30

அட, அதை எப்படி சகோ மறந்தீர்கள்!

காசிமேடு_மகன் | ஜூன் 19, இரவு 8.45

தாமதத்துக்கு மன்னிக்கவும். மண்ணடி அண்ணன் சொன்ன அதே மாத்திரையைத்தான் எழுதினார்கள், உப்புசம் இறங்கிவிட்டது. கையில் நீலம் விட்டமின் கே குறைவால்தான். ஊசி போட்டார்கள், டி-க்கும் பி12-க்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள். எடை 55.

14-ம் தேதியோடு தடைக்காலம் முடிந்தது. 61 நாளாகக் கட்டிக் கிடந்த லாஞ்சுகள் போய்த் திரும்ப ஆரம்பித்துவிட்டன. முந்தாநாள் விடியற்காலை மூன்று மணிக்கு நைனா சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். வேலைக்கு இல்லை, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அம்மா முடியாது என்றாள். நான் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்காரவைத்தார்கள். சட்டை தோளிலிருந்து தொங்குகிறது, பழைய ஆட்களுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒருத்தர் கூடையை முன்னால் வைத்து விலை சொல்லுங்க என்றதும், எழுந்து நின்று குரல் கொடுத்தார். குரல் பழைய குரல்தான். ஐந்து நிமிடம்தான், மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கூலியாக ஒரு கிலோ சங்கரா கொடுத்து அனுப்பினார்கள்.

அம்மா அன்றுதான் ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாகச் சட்டியில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினாள். குழம்பு மேலே எண்ணெய் நின்றது. நைனா முதலில் குழம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இதுவும் மிதக்குதேடா என்றார். ரெண்டு மாசமாக வாயே திறக்காத மனுஷன்.

டோல்கேட்_அக்கா | ஜூன் 19, இரவு 9.02

சிரித்துக்கொண்டே அழுதேன் தம்பி. அது கிடக்கட்டும், அந்தக் குழம்புக்கு எத்தனை கேப்ஸ்யூல்?

காசிமேடு_மகன் | ஜூன் 19, இரவு 9.10

மூன்று. குழம்பு, வறுவல் என்று ஹெவியாகச் சாப்பிடும் நாளில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்று டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். முதல் வாயில் ஒன்று, மீன் எடுக்கும்போது ஒன்று, ரசத்துக்கு முன்னால் ஒன்று.

மறுநாள் காலை ஒரு பக்கெட்.